வீட்டோட மாப்பிள்ளைக் கள்ளி

மாப்பிள்ளே, நீரு தட்டட்டி பூராவும் கள்ளித்தோட்டம் போட்டிருக்கீராம். அது போதாதுன்னு, மயிலு வந்து கொத்தாம இருக்கச் சுத்திவரக் கம்பிவலையும் அடிச்சிருக்கீராம். ‘கள்ளிக்கு ஏன் முள்வேலி, கழுதைக்கு ஏன் கடிவாளம்’னு பழைய ஆளுவ சொல்லி வச்சது இன்னையோட பொய்யாப் போச்சு. ஒரு பழமொழியைத் தோக்கடிக்கப் பெங்களூர்ல இருந்து ஒரு இஞ்சினியரு இலத்தூருக்கு வரவேண்டியிருந்திருக்கு. அந்த ஆளு எம் பேத்தியக் கட்டுன ஆளாவும் போயிட்டாரு. எனக்குப் பெருமை தாங்கல.

ஊரு நாலு பேசும். நீரு காதுல வாங்காதேயும். கம்பெனிக்காரன் வீட்டுல இருந்தே வேலை பாருன்னுட்டான். காலையில கம்ப்யூட்டரத் தொறந்து வச்சு நாலு வெள்ளைக்காரனுக்குத் தலையாட்டுனா முடிஞ்சுது. மிச்ச நேரத்துக்கு மனுசன் என்னதான் செய்வான்? நீரு சீட்டு ஆடல, தண்ணி போடல, குளத்தாங்கரையில நின்னு வம்பு வளக்கல. முள்ளு வளக்குதீரு. உத்தமமான பொழுதுபோக்கு. அதுக்கு நாலு புத்தி சொல்லத்தான் முட்டுவலியோட படியேறி வந்திருக்கேன். காப்பி வரட்டும், பேசுவோம்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடும். நீரு கூரியர்ல பஞ்சு சுத்தி வரவழைக்கிற இந்தக் கள்ளிச் சாதி, எங்க அப்பா சின்னப்புள்ளையா இருக்கையில இந்தச் சீமையில சும்மா கெடந்துது. சும்மான்னா, வெட்டுனாலும் ஒழியாமக் கெடந்துது. கள்ளிய வாங்க இல்ல, அள்ளிக்கிட்டுப் போகத்தான் அன்னைக்குக் காசு குடுத்தாவ.

அதுக்கு ஒரு கதை இருக்கு. மெட்ராஸ்ல கும்பினிக்குப் பெரிய டாக்டரா இருந்தவரு ஜேம்ஸ் ஆண்டர்சன். 1780கள்ல அவருக்கு ஒரு ரோசனை. பட்டாளத்துத் தொரைமாரு சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாயம் உண்டு. நாகதாளிக் கள்ளி மேல உக்காந்து சாறு குடிக்கிற ஒரு பூச்சியக் காயவச்சுப் பொடிச்சா அந்தச் சாயம் வரும். மெக்சிகோவுல அதை ஸ்பெயின்காரன் பூட்டி வச்சு யாவாரம் பண்ணிக்கிட்டிருந்தான். நாமளே செஞ்சா என்னன்னு ஆண்டர்சன் சைதாப்பேட்டையில நாகதாளிக்குன்னே ஒரு தோட்டம் போட்டாரு. தோட்டம் தயாரு, பூச்சியக் காணும். 1795ல நீல்சன்னு ஒரு கேப்டன் ரியோ துறைமுகத்துல இருந்து வங்காளத்துக்குப் பூச்சியக் கொண்டாந்து எறக்குனாரு. எறக்குனது வேற பூச்சி. சாயம் மட்டம். ஆனா தீனியில கெட்டி. ஒரு வகைக் கள்ளியத் துப்புரவாத் தின்னு தீத்துட்டு. சாயத்துக்கு ஆவாட்டா என்ன, களையெடுக்க ஆவுமேன்னு 1836க்குப் பெறவு தெக்குச் சீமைக்கும் அதைக் கொண்டாந்து விட்டாவ. வேணும்னே பூச்சிய விட்டுக் களையை அழிச்சதுல உலகத்துலயே இதுதான் மொத காரியம்னு புஸ்தகத்துல எழுதி வச்சிருக்கான். ஏமாந்ததைச் சாதனையா எழுதுததுல தொரைமாரை அடிச்சிக்கிட ஆளில்ல.

அந்தக் கள்ளி போச்சு. இன்னொரு வகை இருக்கு பாத்தீரா, நாம சப்பாத்திக்கள்ளின்னு சொல்லுதோம்லா, அதை இந்தப் பூச்சி மோந்துகூடப் பாக்கல. வேலிக்குன்னு வச்சது மேய்ச்ச நெலத்துக்குள்ள எறங்கிட்டு. கடைசியில 1926ல எலங்கையில இருந்து வேறொரு பூச்சியக் கொண்டாந்து விட்டாவ. அஞ்சாறு வருசத்துல 40,000 ஹெக்டேருக்கு மேல கள்ளி கருகி விழுந்துது. மிச்சம் நின்னதுலதான் நாங்க பழம் பறிச்சுத் தின்னோம். தரையில போட்டுத் தேச்சுப் பூமுள்ளை எடுத்துட்டுத் திங்கணும். எடுக்காமத் தின்னவன் தொண்டையப் புடிச்சுக்கிட்டு ஓடுவான். தின்னவன் பல்லு சாயங்காலம் வரைக்கும் செவந்துருக்கும், தோட்டக்காரனுக்குச் சாட்சியே வேண்டாம்.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, உம்ம சப்பாத்திக்கள்ளித் தொட்டியில வெள்ளைவெள்ளையாப் பஞ்சு ஒட்டியிருக்கு. அதைப் போட்டோ எடுத்து ‘எங்க வீட்டுல பனி பேஞ்சிருக்கு’ன்னு நாலு பேருக்கு அனுப்பிருக்கீரு. எம் பேத்திதான் காட்டுனா. ஒரு குச்சியால நசுக்கிப் பாரும். ரெத்தச் சிவப்பா வடிஞ்சா, அது கும்பினிக்காரன் தேடுன பூச்சிக்குச் சொந்தக்காரன். சிவக்கலன்னா சாதாரண மாவுப்பூச்சி. ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான். பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடையும். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பத் துடையும். அந்தத் தொட்டிய மத்ததுகிட்ட இருந்து தள்ளி வையும். நாட்டை அழிச்ச கள்ளியையே தின்ன பயலுவ, உம்ம தட்டட்டிய ஒரு வாரத்துல முடிச்சிருவானுவ.

அடுத்தது உம்ம மாமியா விவகாரம். முள்ளுச்செடி வீட்டுல இருந்தா வெளங்காதுன்னு எம் மருமவ சனிக்கெழமை தவறாம மதுநாதர் கோயில் சனீஸ்வரருக்கு நல்லெண்ணெ வெளக்குப் போட்டுக்கிட்டு வாரா. பரிகாரம் செடிக்கா, மாப்பிள்ளைக்கான்னு நான் கேக்கல. நீரும் கேக்காதேயும். அவகிட்டப் போயி விஞ்ஞானம் பேசவும் வேண்டாம். தண்டனை சாப்பாட்டுல வந்து விழும்.

நான் சொல்லுதபடி செய்யும். கெணத்துப் பக்கம் அவ ஒரு பிரம்மகமலம் வச்சிருக்காள்லா? ராத்திரி பூக்கும்னு வளவுக்காரிகளையெல்லாம் கூட்டி, பூவுக்குக் கற்பூரம் காட்டி, கைப்பேசியில எறங்காத படமா எடுத்துத் தள்ளுவாளே, அதேதான். அது யாருங்கீரு? அசல் கள்ளி. மெக்சிகோப் பக்கத்துக் காட்டுல மரத்து மேல தொத்தி வளருத கள்ளி. இலைன்னு நாம நெனைக்கிறது பூராவும் தண்டு. அதனாலதான் பூவு ‘இலை’ ஓரத்துல இருந்து வருது. நெசமான பிரம்மகமலம் இமயமலையில இருக்கு, அதுக்கும் இதுக்கும் ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது. ஆனா இதைச் சொல்லிறாதேயும். அந்தச் செடியில ஒரு துண்டைக் கேட்டு வாங்கும். ‘அத்தே, நீங்க வச்சா நல்லாப் புடிக்கி, எனக்கு ஒண்ணு வச்சுத் தாங்க’ன்னு கேளும். அத்தை கையால வச்ச தொட்டி தட்டட்டிக்கு வந்துட்டா, அதுக்குப் பெறவு அங்க இருக்குத எல்லாத் தொட்டிக்கும் அவதான் காவக்காரி. முள்ளு இல்லாதவனை முன்னால அனுப்பி முள்ளுக்காரனுக்கெல்லாம் எடம் புடிக்கணும். அரசியல்ல இருக்கவன் எல்லாம் இப்பிடித்தான் வந்தான்.

இனி ஒட்டு சமாச்சாரம். நீரு பிளேடும் ரப்பர் பேண்டுமா அலையுதீருன்னு கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கல. இலத்தூர் வெலக்குப் பக்கம் இருந்து ஒரு சதுரக்கள்ளிக் கொப்பை வெட்டிக் கொண்டாந்து, அது மேல உம்ம உருண்டைக் கள்ளிய வச்சுக் கட்டியிருக்கீரு. அஞ்சாம் நாளு அது கழண்டு விழுந்துட்டு. விழத்தான் செய்யும். கல்யாணத்துக்குக் குலம் பாக்குத கெட்ட பழக்கத்தை நாம விடணும், நான் அந்தக் கட்சிதான். ஆனா ஒட்டுக் கட்டும்போது குடும்பம் பாத்துத்தான் ஆவணும்.

சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் நம்மூரு ஆளுவ. கிள்ளுனா பாலு வடியும். ஆமணக்கு அதுக்குச் சித்தப்பன் பெரியப்பன் வகையறா. நீரு துட்டுக் குடுத்து வாங்குனது அமெரிக்கக் கண்டத்துக் கூட்டம். அதுல ஏறக்கொறைய எல்லாமே அங்கதான் பொறப்பு. ஒரே ஒரு சாதி மட்டும் எப்பிடியோ கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுலயும் எலங்கையிலயும் மரத்துல தொங்கிக்கிட்டிருக்கு. ரெண்டு கூட்டமும் காய்ஞ்ச காட்டுல பொழைக்கப் போயி ஒரே சட்டையத் தச்சுப் போட்டுக்கிட்டுது, அம்புட்டுத்தான். அடையாளம் வேணுமா? முள்ளு மொளைக்கிற எடத்தைக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரும். ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டு இருந்து, அதுக்குள்ள இருந்து முள்ளு கொத்தா வந்தா அமெரிக்காக்காரன். பொட்டு இல்லாம முள்ளு ரெண்டு ரெண்டா நின்னா நம்மூரு சதுரக்கள்ளி. அதுக்கும் சந்தேகம்னா ஊசியால குத்தும். பாலு வந்தா பெரும்பாலும் நம்மாளு. குத்துன கையக் கண்ணுல வைக்காதேயும். கள்ளிப்பாலு கண்ணுல பட்டா வெளையாட்டு இல்ல. தண்ணியாலக் கழுவிக்கிட்டே தென்காசி ஆசுபத்திரிக்கு ஓடணும்.

அதுக்காவ நம்மூருக் கள்ளி வீணுன்னு நெனைக்காதேயும். கடையில பவளப்பாறைக் கள்ளின்னு ஒண்ணு விக்கான், பாத்திருப்பீரு. மடிச்சு மடிச்சு விசிறி விரிச்சுக்கிட்டு, ஓரமெல்லாம் ரோஸ் கலரு. ‘ஃபாரின் செடி’ம்பான். மேல இருக்குத விசிறி பால்கள்ளிக் கூட்டத்துல ஒண்ணு. அடியில தாங்கிக்கிட்டு நிக்குறது யாருங்கீரு? இலைக்கள்ளி. நம்ம வேலியில ஆடு முட்டிக்கிட்டு நிக்குதே, அதே இலைக்கள்ளி. பேரு மட்டும் மேல இருக்கவனுக்கு.

பேச்சு சரியான எடத்துக்கு வந்துட்டு. உம்ம தட்டட்டியில ராசாவா உக்காந்திருக்குத சிவப்பு உருண்டை, அதான் மூன் காக்டஸுன்னு நீரு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுதீரே, அதோட சாதகத்தைச் சொல்லுதேன், கேளும். பூர்வீகம் பராகுவே. ஜப்பான்ல வத்தனாபேன்னு ஒருத்தர் 1941ல அந்தக் கள்ளிய வெதைபோட்டு வளத்த நாத்துல பச்சையே இல்லாத சில குஞ்சுகளைப் பாத்தாரு. பச்சை இல்லன்னா வெயிலைச் சோறாக்க முடியாது. கொஞ்ச நாள்ல போயிச் சேரவேண்டிய உசுரு. அதை வெட்டி எடுத்து, பச்சையா ஒருத்தன் தலையச் சீவி, அது மேல உக்கார வச்சாரு. பொழைச்சுக்கிட்டு. இன்னைக்குத் தென்கொரியாக்காரன் கப்பல் கப்பலா ஏத்துமதி பண்ணுதான்.

அந்த உருண்டை வீட்டோட மாப்பிள்ளை, மாப்பிள்ளே. சமைக்கத் தெரியாது, சம்பாதிக்கத் தெரியாது. கீழ நிக்கிறவன் வேர்ல தண்ணிய உறிஞ்சி, வெயில்ல வெந்து, சோறாக்கி மேல அனுப்பணும். மேல உக்காந்திருக்கவன் தின்னுட்டுச் செவப்பா இருப்பாரு. வாரவன் போறவன் எல்லாம் ‘என்ன கலரு, என்ன கலரு’ன்னு அவரைத்தான் போட்டோ எடுப்பான். உம்மச் சொல்லல, செடியச் சொல்லுதேன். நீரு மாமனாரு வீட்டுல இருந்தாலும் கரண்ட் பில்லு கட்டுதீரு, எனக்குத் தெரியும்.

சரி, ஒட்டு எப்பிடிக் கட்டணும்? நான் இந்தப் பக்கத்துல ஒட்டுமாங்கன்னு கட்டிப் பழகுனவன். கள்ளி அதைவிடச் சுளுவு, கை சுத்தமா இருந்தா. காலம் மொதல்ல. மாசிக் கடைசியில இருந்து வைகாசி வரைக்கும் கட்டும். ஆனி பொறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக் காத்து கெளம்பி, சாரல் விழ ஆரம்பிச்சுட்டா பிளேடை எடுத்து உள்ள வையும். சீசனுக்கு அருவியில குளிக்கலாம், வடை திங்கலாம், கள்ளிக்குக் கழுத்தறுக்கப்பிடாது. ஈரக்காத்துல அறுத்த எடம் காயாது. பூஞ்சணம் வந்து மாப்பிள்ளையையும் முடிக்கும், மாமனாரையும் முடிக்கும்.

அடிச்செடிக்கு டிராகன் பழக்கொடிதான் இங்க சுளுவாக் கெடைக்கி. குஜராத் சர்க்காரு 2021ல கமலம்னு பேரு வச்சுதே, அந்தப் பழத்தோட கொடி. மூணு பட்டையா இருக்கும். வேர் புடிச்ச துண்டா, கொழுகொழுன்னு இருக்கணும். கட்டுததுக்கு ரெண்டு நாள் முந்தி தண்ணி குடுத்து வையும். வயிறு காஞ்சவன் தோள்ல யாரை ஏத்த முடியும்? புது பிளேடு, ஸ்பிரிட்டுல தொடைச்சது. ஒவ்வொரு அறுப்புக்கும் திரும்பத் தொடைக்கணும்.

அடிச்செடி தலைய ஒரே இழுப்புல மட்டமா அறும். ரம்பம் போடாதேயும். அறுத்துட்டு மூணு பட்டை ஓரத்தையும் சாய்ச்சுச் சீவி விடும். ஏன்னு கேளும். உள்சதை காயக்காயக் கீழ எறங்கும், தோலு எறங்காது. ஓரம் சீவாட்டா தோலு விளிம்பா நின்னு மேல இருக்கவரைத் தூக்கித் தள்ளிரும். பெறவு காசு கனத்துக்கு ஒரு சில்லு அறுத்து அதும்மேலயே மூடி வையும், காயாம இருக்கும். இப்பம் மேல வைக்கவேண்டிய உருண்டையோட அடிய அறும். அறுத்த முகத்தைப் பாரும். சதைக்கு நடுவுல ஒரு வளையம் தெரியும், கொஞ்சம் நெறம் மாறி. அதுதான் நரம்பு. தண்ணியும் சோறும் அது வழியாத்தான் போவுது. அடிச்செடியிலயும் அதே வளையம் உண்டு. ஒட்டுங்கறது சதை சதையோட ஒட்டுத காரியம் இல்ல, அந்த வளையம் வளையத்தைத் தொடுத காரியம்.

இங்கதான் படிச்சவன் எல்லாம் சறுக்குதான். அழகா இருக்கணும்னு நட்டநடுவுல வைக்கான். கீழ வளையம் சின்னது, மேல வளையம் பெருசுன்னா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு நின்னுக்கிடும், எங்கயும் தொடாது. கொஞ்சம் ஓரமாத் தள்ளி வையும். ரெண்டு வளையமும் ரெண்டு எடத்துலயாவது வெட்டிக்கிடணும். கோணலாத்தான் தெரியும். தெரியட்டும். நடுவுல நின்னு செத்ததைவிட கோணலாப் பொழைச்சது மேலு. மூடியிருந்த சில்லை எடுத்துட்டு, உருண்டைய வச்சு, லேசாத் திருகி அமுக்கும். உள்ள இருக்குத காத்து வெளிய போவும். ரப்பர் பேண்டைத் தொட்டிக்கு அடியில குடுத்து, தலைக்கு மேல குறுக்கு ரெண்டு, நெடுக்கு ரெண்டு. உருண்டை நசுங்கவும் பிடாது, ஆடவும் பிடாது. நெழல்ல, காத்தோட்டமா வையும். அறுத்த எடத்துல சொட்டுத் தண்ணி படப்பிடாது. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ரப்பரை எடும். அதுவரைக்கும் ஒட்டிக்கிட்டான்னு தூக்கித் தூக்கிப் பாக்காதேயும். புதுசாக் கல்யாணம் ஆனவுகளைக் கதவைத் தட்டித் தட்டி ‘ஒத்துப் போவுதா’ன்னு கேட்டா எப்பிடி ஒத்துப் போவும்?

உருண்டைக்கு மட்டும்தான் ஒட்டுன்னு நெனைக்காதேயும். அரியோகார்ப்பஸுன்னு ஒரு கள்ளி, கல்லோட கல்லாக் கெடக்கும். வெதை போட்டுப் பூ பாக்கணும்னா நீரு ரிட்டையரு ஆயிருவீரு. அதோட நாத்தை வேகமா வளருத அடிச்செடியில கட்டுனா வருசக்கணக்கு மிச்சம். பெருசானதும் வெட்டி எறக்கி, காயவச்சு, சொந்தக் கால்ல வேர்விட வைக்கலாம். இன்னொண்ணு உசுரு காப்பாத்துத ஒட்டு. சாரல்ல ஒரு செடி அடியில அழுகிட்டுன்னா முழுசாத் தூக்கிப் போடாதேயும். மேலே நல்ல பாகமா அறும். அறுத்த முகத்துல அந்த வளையத்தைப் பாரும். ஒரு பழுப்புப் புள்ளி தெரிஞ்சாலும் நோயி இன்னும் மேல ஏறிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். பிளேடைத் தொடைச்சுட்டு இன்னொரு சில்லு அறும். புள்ளி ஒண்ணுகூட இல்லாத சுத்தமான முகம் வரணும். அதைக் கட்டுனா பொழைக்கும்.

அழுகுறதுக்குக் காரணம் யாருன்னு சொல்லவேண்டாம். காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்துதீராம். ஊத்தும், நல்லா ஊத்தும். செடி சாவாம இருந்தா புதுச்செடி வாங்க என்ன சாக்கு இருக்கு? உம்ம ஊத்துக்கு நர்சரிக்காரன் புள்ளைய ரெண்டும் இஞ்சினியர் காலேஜுல படிச்சிரும். எனக்கென்னவோ அந்தப் புண்ணியம் வேண்டாம்னு தோணுது. தென்னை ஈர்க்கு ஒண்ணைத் தொட்டி அடிவரைக்கும் குத்தி எடும். ஈரமண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா சொம்பைக் கீழ வையும். காஞ்சு வந்தா, அடி ஓட்டையில ஒழுகுத மட்டும் ஊத்தும். பெறவு காயுற வரைக்கும் அந்தப் பக்கமே போவாதேயும். குளத்து வண்டலைத் தொட்டியில ரொப்பியிருக்கீரே, அது நெல்லுக்கு. கள்ளிக்குப் பருமணலு, ஒடைச்ச செங்கலு, கொஞ்சம் சிரட்டைக் கரி, மக்குன எரு ஒரு கை. ஊத்துன தண்ணி நிக்காம ஓடணும். சாரல் மாசத்துல மேல கண்ணாடி ஷீட்டு போடும், பக்கவாட்டுல அடைக்காதேயும். இந்தக் கணவாய்க் காத்துல காத்தாடி கம்பெனிக்காரன் கரண்டு எடுக்கான். நீரு தொட்டிய மட்டும் காயவையும், போதும்.

யாவாரத்துல ஏமாறாதேயும்னு சொல்லமாட்டேன், ஏமாறாதவன் தோட்டக்காரனே கெடையாது. ஆனா இம்புட்டா? கள்ளி உச்சியில காஞ்ச காகிதப்பூ ஒண்ணைச் சூட்டுப் பசையால ஒட்டி விக்கான். மாசக்கணக்கா வாடாத பூன்னு நீரு பெருமைப்படுதீரு. வாடாத பூ எந்த ஊர்ல இருக்கு? சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி கூட சீசன் முடிஞ்சா தலையத் தொங்கப்போட்டுருது. அந்நியன் படத்துக்குப் பாறைக்குப் பெயிண்ட் அடிச்சானே, அதைப் போயிப் பாத்துட்டு வந்தீருலா? இப்பம் கள்ளிக்கும் அடிக்கான். தண்ணி தொட்டுத் தேச்சுப் பாத்து வாங்கும். நீலக்கலரு கள்ளி வெதை, வானவில்லு கள்ளி வெதைன்னு வந்தா, வெதை வெலையக் கோயில் உண்டியல்ல போடும். மதுநாதராவது மனசுல வச்சுக்கிடுவாரு.

அரிய செடி, காட்டுல தோண்டுன செடின்னு எவனாவது காதுல ஓதுனா ஓடி வந்துரும். கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுசும் சைட்டிஸ்ங்கற உலக ஒப்பந்தத்துக்குள்ள இருக்கு. 2020ல இத்தாலியில ஒரு ஆளு வீட்டுல ஆயிரத்துக்கு மேல கள்ளியப் புடிச்சாவ; எல்லாம் சிலி நாட்டுப் பாலைவனத்துல திருடுனது. மறுவருசம் அதுல நூத்துக்கணக்குல விமானம் ஏத்தித் திருப்பி அனுப்புனாவ. உமக்குத் தீபாவளிக்குப் பெங்களூர்ல இருந்து பஸ்ஸுல சீட்டு கெடைக்கல, கள்ளி விமானத்துல போவுது. கண்ணு நெறையப் பாக்கணும்னா அரியானாவுல பஞ்ச்குலாவுக்குப் போவும். சர்க்காரியான்னு ஒரு டாக்டரு முன்நின்னு 1987ல ஏழு ஏக்கர்ல கள்ளித்தோட்டமே போட்டு வச்சிருக்காரு. எம் பேத்தியக் கூட்டிக்கிட்டுப் போவும். தேனிலவுக்கு முள்ளுக்காட்டுக்குக் கூட்டிப் போன மொத ஆளுன்னு பேரும் கெடைக்கும்.

கடைசியா ஒண்ணு. நீரு மேல இருக்குத சிவப்பு உருண்டையைத் தெனம் தொடைக்குதீரு, கீழ நிக்குத பச்சையைத் திரும்பிப் பாக்கல. எல்லா வேலையும் அங்கதான், மாப்பிள்ளே. பச்சை மஞ்சளாச்சுன்னா மேல இருக்கவரு கலரைப் பாத்து மயங்காதேயும், ஆறு மாசத்துல ரெண்டும் போவும். டிராகன்கொடிக்கு உச்சிவெயிலு ஆவாது, அந்த உருண்டைக்கும் ஆவாது. காலை வெயிலு போதும். டிராகன்கொடி எருவும் தண்ணியும் கூடக் கேக்கும், மேல இருக்கவரு கொறையக் கேப்பாரு. இப்பிடி ஒத்துப் போவாததாலதான் அந்தச் சோடி சில வருசத்துக்கு மேல நிக்கிறதில்ல. பச்சை பக்கத்துல ஒரு குருத்து விட்டா நீரு உடனே கிள்ளுதீரு, சத்தெல்லாம் மேல போவணும்னு. அது சரிதான், ஒட்டு முறை அப்பிடித்தான். அதுவும் வளர ஆசைப்படுத உசுருங்கறதை மட்டும் கிள்ளும்போது நெனைச்சுக்கிடும்.

ஒரு நாளு அந்தச் சிவப்பு உருண்டை சுருங்கி விழும். விழுந்ததும் ‘செடி செத்துட்டு’ன்னு தொட்டியோட குப்பையில போட்டுறாதேயும். செத்தது மாப்பிள்ளைதான், மாமனாரு குத்துக்கல்லா நிக்காரு. அதை எடுத்துக் கெணத்தடியில ஒரு கல்தூணுக்கு அடியில ஊனி, எருப்போட்டு, குருத்தைக் கிள்ளாம விடும். கொடி தூணு ஏறும், ராத்திரிப் பூவு விடும், பழமும் காய்க்கும். இத்தனை வருசம் அடுத்தவனுக்குப் பொங்கிப் போட்டவன் ஒருநாளாவது தனக்குன்னு சமைக்கட்டும். மொதப் பழத்துல பாதிய உம்ம மாமனாருக்குக் குடும், அவரு கரண்ட் பில்லை நீரு கட்டுனாலும் வீட்டு வரி இன்னும் அவருதான் கட்டுதாரு. மிச்சப் பாதிய எனக்கு அனுப்பும். பிரானூர் பார்டர் பரோட்டாவும் கூட வந்தா, உம்ம கம்பிவலையைப் பத்தி நான் ஊர்ல வாயைத் தொறக்கமாட்டேன்.